அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பி.எட். புத்தகம்

மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 38 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். 2008-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன், அடுத்த வருடமே கல்யாணம். மகள் பத்தாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. கணவர் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறார். பதினேழு வருடம் கழித்து இப்போது பி.எட். முதல் வருடம் படிக்கிறேன். இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினோம். வைக்கலாம் என்று சொன்னதே அவர்தான்.

சேர்ந்தபோது இருந்த சந்தோஷம் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. வகுப்பில் மற்றவர்களுக்கு 21, 22 வயது. பாதிப் பேர் அக்கா என்பார்கள், பாதிப் பேர் ஆன்ட்டி. அதுகூடப் பழகிவிட்டது. முதல் இன்டர்னல் தேர்வில்தான் உடைந்துபோனேன். உளவியல் தாள். முந்தின ராத்திரி நாலு தடவை படித்த பதில்தான் வந்திருந்தது. ஒரு வரி ஞாபகம் வரவில்லை. கேஸை மூடினேனா, பையனுக்குத் தண்ணீர் பாட்டில் வைத்தேனா என்றே மனசு ஓடியது. 25-க்கு 9. அந்தப் பேப்பரை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

காலை நாலு மணிக்கு எழுந்திரிக்கிறேன். இட்லி, மதியச் சாப்பாடு, பிரஷர் இருப்பதால் அத்தைக்கு உப்பில்லாத குழம்பு தனியாக. எல்லாம் முடித்து 7.50 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் வந்தால் மறுபடி அடுப்படி. எல்லோரும் படுத்தபிறகு பதினோரு மணிக்குத்தான் புத்தகத்தை எடுப்பேன், படுக்க ஒரு மணி ஆகும். புத்தகம் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும். ஹாலில் உட்கார்ந்து படிக்க என்னவோ போல இருக்கிறது. அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மட்டும் பாத்திரம் விளக்குகிற சத்தம் கூடும்.

போன மாதம் மகளுக்கு அரையாண்டுத் தேர்வு. கணக்கில் 84 வாங்கிக்கொண்டிருந்தவள் 61 வாங்கி வந்தாள். அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது நான்தான். அவர் காலண்டர் சீசன் ஓவர்டைம் முடிந்து அன்றைக்குத்தான் வீட்டில் இருந்தார். ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு, "பத்தாவதுல்ல" என்றார். அவ்வளவுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால் என் டீச்சிங் எய்டுக்கு அவளேதான் உட்கார்ந்து சார்ட் வரைந்து கொடுத்தாள், பதினோரு மணி வரை. படிக்க வேண்டிய பிள்ளையை வேலை வாங்கினேனே என்று குத்துகிறது. மகனுக்குக் காய்ச்சல் அடித்த அன்றும் அட்டெண்டன்ஸுக்குப் பயந்து கல்லூரிக்குப் போனவள் நான்.

மைக்ரோ டீச்சிங்கில் (கூடப் படிப்பவர்கள் முன்னால் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவது) மட்டும் பின்னம் நடத்தினேன், எங்கள் கல்லூரி மேடம் இன்னொரு தடவை செய்யச் சொன்னார், மற்றவர்களும் பார்க்கட்டும் என்று. பாவம் பார்த்துச் சொல்லியிருப்பார்.

என் மூளை துருப்பிடித்துவிட்டதா? இப்போது நின்றுவிட்டு, மகள் பிளஸ் டூ முடித்தபிறகு சேரலாமா? டி.சி. கேட்டு லெட்டர் எழுதி நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை.

— பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அந்த அரிசி டிரம்மைத் தாண்டிப் போக முடியவில்லை. சங்கிலியை அடகு வைத்துச் சேர்ந்த படிப்பு, வீட்டில் சின்னவன் உட்பட எல்லோருக்கும் தெரிந்த படிப்பு. அதன் புத்தகத்தை யாரிடமிருந்து ஒளிக்கிறீர்கள்? கல்லூரிக்குப் போவதற்கு முன் என்னென்ன வேலை செய்தீர்களோ அத்தனையும், ஒரு இட்லி குறையாமல், இப்போதும் செய்கிறீர்கள். படிக்கப் போனதற்குத் தினமும் அபராதம் கட்டுவது போல இருக்கிறது இது. அந்த வீட்டில் யாரும் அபராதம் போட்டதாகக் கடிதத்தில் இல்லை. போட்டதும் நீங்கள், கட்டுவதும் நீங்கள்.

அபராதத்தில் பெரும்பகுதி தூக்கத்திலிருந்து போகிறது. ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் மூன்று மணி நேரம். படித்தது மனதில் நிலைப்பதற்குத் தூக்கம் வேண்டும். உங்கள் வகுப்பிலுள்ள 21 வயதுப் பெண்ணை இதே கால அட்டவணையில் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், அவளும் ஒன்பதோடுதான் வருவாள். வயதுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். இருபதுகளுக்குப் பிறகு மூளையின் வேகம் மெல்லக் குறைகிறது. சொல்வளமும், சேர்த்துவைத்த அறிவும் அதற்கு வெகுநாள் பின்னாலும் வளர்ந்துகொண்டே போகின்றன. ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் இவற்றை இருவேறு வகை அறிவாகவே பிரித்தார். பின்னத்தை அப்படி நடத்தியது இந்த இரண்டாவது வகை. பாவம் பார்க்கிற ஆசிரியர் "பரவாயில்லம்மா, உட்காருங்க" என்பார். மற்றவர்கள் பார்க்கட்டும் என்று இரண்டாம் முறை செய்யச் சொல்லமாட்டார்.

முதல் வேலையாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஹீமோகுளோபினும் தைராய்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். மறதி, சோர்வு என்று என்னிடம் வருகிறவர்களை முதலில் ஆய்வகத்துக்குத்தான் அனுப்புகிறேன். சிலர் அதன்பிறகு என்னிடம் திரும்பி வருவதே இல்லை, மாத்திரையிலேயே சரியாகிவிடுகிறது.

அடுத்து அந்த நாலு தடவை. எபிங்ஹாஸ் உங்கள் பாடத்திலேயே வருவார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, அந்தக் கணக்கை 1885-இல் புத்தகமாகப் போட்டவர். படித்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் அவருக்கு நழுவியது. அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது, 7.50 பஸ்ஸும் கிடையாது. ஆக, மறப்பது மனித வழக்கம். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். அதனால் ஒரு தடவை படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். தடுக்கிய இடத்தை மட்டும் திறந்து பார்த்தால் போதும். அந்த பஸ் நேரம் உங்களுக்குச் சும்மா கிடைத்தது. பதினோரு மணிக்கு மேல் புத்தகம் வேண்டாம்.

அப்படியானால் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் படிக்க நேரம் வேண்டும், அதை வீட்டிலிருந்துதான் எடுக்க முடியும். 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிற ஆண்கள்கூட 97 நிமிடம்தான். கணவரிடம் "ஒத்தாசை பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு எந்த வீட்டிலும் யாருக்கும் அர்த்தம் புரிவதில்லை. "ராத்திரிப் பாத்திரம் உங்களுடையது, மாவு அரைப்பது உங்களுடையது, ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை நான் வீட்டில் இருந்தாலும் இல்லாத மாதிரி" என்று சொல்லுங்கள். காலண்டர் சீசன் முடிந்துவிட்டது, இப்போது கேட்கலாம். "பத்தாவதுல்ல" என்ற ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் எழுதியிருக்கிறீர்கள். சங்கிலியை வைக்கச் சொன்ன மனிதர் அவர். என்ன நினைத்துச் சொன்னார் என்று அவரையே கேட்டுவிடுங்கள்.

அத்தை விஷயத்தில் ஒன்று. நீங்கள் கிளம்பியபின் அந்தப் பாத்திரங்களை விளக்குவது அவர்தானே? உங்கள் படிப்புக்காக ஒரு வயதான பெண்மணி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார், யாரும் அதை வாய்விட்டுச் சொல்லாமல். சொல்லிப் பாருங்கள், சத்தம் குறைகிறதா என்று. பிரஷருக்காகத்தான் உப்பில்லாத குழம்பு என்றால் தனியாக எதற்கு? ஒரே குழம்பாக உப்பில்லாமல் வைத்துவிட்டு, வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். தினமும் இருபது நிமிடம் மிச்சம்.

பிறகு சேரலாமா என்று கேட்டீர்கள். மகள் பிளஸ் டூ முடித்த சில வருடங்களில் மகன் பத்தாவதில் இருப்பான். அவன் பிளஸ் டூ எழுதும்போது உங்களுக்கு 46 தாண்டியிருக்கும். பி.எட். விதிகளில் வகுப்புக்கு 80 சதவீதமும், அடுத்த ஆண்டு வரும் 16 வார இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதமும் வருகை வேண்டும். ஆகவே காய்ச்சல் நாளுக்கு வகுப்பில் இடம் இருக்கிறது, இப்போதே கணக்கு வைத்துக்கொண்டு லீவு எடுங்கள். இன்டர்ன்ஷிப்பில் அது கிடைக்காது. இரண்டு வருடப் படிப்பை முடிக்க மூன்று வருடம் வரை விதி அனுமதிக்கிறது. டி.சி. லெட்டரைக் கிழிக்கச் சொல்லமாட்டேன். மூன்று மாதம் ஆறு மணி நேரம் தூங்கியபிறகு எடுத்துப் பாருங்கள், அப்போதும் நிற்கத் தோன்றினால் அது நிதானமாக எடுத்த முடிவு. அதற்குள் சாப்பாடு இறங்காத நாட்கள் தொடர்ந்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், 14416-க்கு அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

மகளைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள், அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை. 84 ஏன் 61 ஆனது என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா? நீங்கள் பி.எட். சேர்ந்தது காரணமாக இருக்கலாம். புரியாத ஒரு பாடமாக இருக்கலாம், பள்ளியில் ஏதோ நடந்திருக்கலாம், ஒரு தோழியோடு பேச்சு நின்றிருக்கலாம். 15 வயதில் மதிப்பெண் குறைய நூறு வழி உண்டு. சார்ட் வரைந்ததை நீங்கள் வேலை வாங்கியதாக எழுதுகிறீர்கள். "அவளேதான் உட்கார்ந்து" என்றும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை வழக்கமாக்க வேண்டாம், அவளுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. ஆனால் அந்த ராத்திரியை அவளிடமிருந்து பறித்துக் குற்றப்பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டிரம்முக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஹாலில் அவள் பக்கத்தில் உட்காருங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கையோடு அந்த 25-க்கு 9 பேப்பரையும் அவளிடம் காட்டிவிடுங்கள். 61 வாங்கிய பிள்ளைக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.