கெல்வின் வீடு திரும்பினானா?

வணக்கம். தார்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972) பார்த்தேன். கடைசியில் கெல்வின் அப்பாவின் வீட்டுக்கே திரும்பிவிடுகிறான். நாவலிலும் இப்படித்தானா? நாவலை எழுதிய ஸ்டானிஸ்லாவ் லெம்முக்கு ஏன் இந்தப் படம் பிடிக்கவில்லை?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவன் பூமிக்குத் திரும்பவே இல்லை. கடைசிக் காட்சியை மறுபடி பாருங்கள். குளம் உறைந்து கிடக்கிறது. ஜன்னல் வழியே அப்பா தெரிகிறார். மழை வீட்டுக்குள் பெய்கிறது. முதுகில் தண்ணீர் கொட்டி ஆவி பறக்கிறது, அவருக்கு அது உறைக்கவே இல்லை. கேமரா மேலே போகப் போக, வீடும் மரங்களும் சோலாரிஸ் கிரகத்தை மூடியிருக்கும் உயிருள்ள கடலின் நடுவே ஒரு தீவு என்பது புரிகிறது. கெல்வினின் மூளை அலைப் பதிவைக் கடலுக்கு அனுப்பிய பிறகு அங்கே தீவுகள் உருவாவதாக அங்குள்ள ஆய்வு நிலையத்தின் விஞ்ஞானி ஸ்னாட் முன்பே சொல்லியிருப்பார். பலரும் கோட்டைவிடும் இடம் அது.

1961இல் வந்த நாவலில் பூமிக் காட்சியே கிடையாது. தொடக்கத்திலேயே கெல்வின் நிலையத்துக்கு இறங்குகிறான். கெல்வினின் இறந்துபோன துணைவியின் உருவில் கடல் அனுப்பிய ஹாரே போன பிறகு, முடிவில், ஒரு பழைய மிமாய்டின் (கடல் தானே எழுப்பும் தீவு போன்ற உருவம்) மீது இறங்கிக் கடலை நோக்கிக் கையை நீட்டுகிறான். அலை எழுந்து வந்து கையைச் சூழ்கிறது, ஆனால் தொடுவதில்லை. நடுவில் மெல்லிய காற்றுப் படலம். கையை உயர்த்தினால் கூடவே எழுகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் ஆர்வம் போய் விலகிக்கொள்கிறது. அந்த மெல்லிய இடைவெளிக்காகத்தான் லெம் முழு நாவலையும் எழுதியிருக்கிறார் என்பேன். மனிதன் கேட்பது அந்தக் கடலுக்கு எட்டியதா என்றே அவர் சொல்வதில்லை. படத்தின் கடலோ அவனுக்கு ஒரு வீட்டையும் அப்பாவையும் செய்து கொடுத்துவிடுகிறது. தார்கோவ்ஸ்கி எடுத்தது ‘சோலாரிஸ்’ அல்ல, தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ என்று லெம் கோபப்பட்டதில் நியாயம் உண்டு.

எனக்கு நாவலின் முடிவே பெரியது. ஆனாலும் படத்தின் முடிவு திடீரென்று ஒட்டவைத்தது அல்ல. தொடக்கத்தில் பூமியில் கழியும் சுமார் 40 நிமிடங்களில் கெல்வின் வெளியே மழையில் நனைந்தபடி நிற்பான், மேசைமேல் தேநீர்க் கோப்பையில் மழை விழும். அந்தப் பகுதியை ஓட்டிவிட்டுப் பார்த்தால், உள்ளே பெய்யும் மழைக்கு அர்த்தமே இராது.

இதே நாவலை வைத்து சோடர்பெர்க் எடுத்த 2002 படத்தின் முடிவில் கெல்வினின் வெட்டுப்பட்ட விரல் தானாக ஆறுகிறது, மனைவி வந்து எல்லாம் மன்னிக்கப்பட்டதாகச் சொல்கிறாள். கடல் ஒரு பின்னணியாகச் சுருங்கிவிட்டது.

நாவலை ஆங்கிலத்தில் படிப்பதானால் பில் ஜான்ஸ்டனின் 2011 மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். அது போலிஷிலிருந்து நேரடியாக வந்தது. கடைகளில் கிடைக்கும் 1970ஆம் ஆண்டுப் பதிப்பு பிரெஞ்சு வழியாக வந்தது.