கேளுங்க அக்கா: பயணம் போற பிள்ளைக்கு எந்த ஜெபம்?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 22 வயசு. ஜோகூர் பாருல ரூம் எடுத்து தங்கி, தினமும் விடியக்காலம் 4 மணிக்கு மோட்டர்ல பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறான். நான் 121ம் சங்கீதத்தை ஒரு அட்டையில எழுதி அவன் மோட்டர் சீட்டுக்கு அடியில வெச்சு விட்டேன். நாத்தனார் அதைப் பார்த்துட்டு, இது தாயத்து கட்ற மாதிரி, விசுவாசம் இல்லைங்கிறாங்க. பைபிள்ல பயணம் போனவங்க எப்படித்தான் ஜெபம் பண்ணாங்க?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, அட்டை அங்கேயே இருக்கட்டும், எடுக்காதீங்க. எங்கம்மாவும் இப்படித்தான். அப்பா ரப்பர் பால் சுமக்கிற காண்டா வாளியைத் தூக்கிட்டு இருட்டோட பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, கிளம்புறப்ப லயத்து வீட்டு வாசப்படியில வந்து நின்னு "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்"னு வாய்க்குள்ளயே சொல்வாங்க, அடுப்பு ஊதுற குழல் கையில அப்படியே இருக்கும்.

அந்தச் சங்கீதமே வழியில பாடுறதுக்குன்னு இருக்கிறதுதான். 120லேருந்து 134 வரைக்கும் 15 சங்கீதத்துக்கு மேல 'ஆரோகண சங்கீதம்'னு போட்டிருக்கும் பாருங்க, ஆரோகணம்னா ஏறிப்போறது, பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப்போனவங்க கூட்டமா பாடிட்டே போன பாட்டுன்னுதான் பெரும்பாலும் சொல்வாங்க. 121ல எட்டே வசனம், அதுக்குள்ள காக்கிறவர், காப்பார்னு எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாருங்க. வழியில பயம் இருந்த ஜனங்க பாடுனது அது.

நாத்தனாருக்கு எஸ்றாவையும் நெகேமியாவையும் காட்டுங்க. எஸ்றா பாபிலோன்லேருந்து சின்னப் பிள்ளைங்க, பொன், வெள்ளி எல்லாத்தையும் கூட்டிக் கட்டிக்கிட்டு எருசலேமுக்குப் புறப்படுறாரு, ஏறக்குறைய நாலு மாசப் பயணம், வழியில கொள்ளைக்காரன் பயம். ராஜாகிட்ட காவலுக்கு ஆள் கேக்க அவருக்கு வெக்கம், ஏன்னா எங்க தேவன் எங்களைப் பாத்துக்குவாருன்னு முன்னாடியே ராஜாகிட்ட சொல்லிட்டாரு. அதனால அகாவா ஆத்தங்கரையில எல்லாரையும் உபவாசம் இருக்க வெச்சு, நேரான வழியைக் காட்டுன்னு மன்றாடிட்டுத்தான் நகர்றாரு. நெகேமியாவும் எருசலேமுக்குத்தான் போகணும், ஆனா அவர் அப்படி இல்ல. ராஜா முன்னாடி நிக்கிறப்பவே மனசுக்குள்ள ஒரு சின்ன ஜெபம், உடனே வாயைத் திறந்து வழியில இருக்கிற அதிகாரிங்களுக்குக் கடுதாசி கேட்டு வாங்குறாரு, நம்ம பிள்ளைங்க பெர்மிட் எடுக்கிற மாதிரி, ராஜா குதிரைவீரங்களையும் கூட அனுப்புறாரு, அவரும் வேண்டாங்கல. ரெண்டு பேருமே பக்திமான்தான், ஒருத்தரை உசத்தி இன்னொருத்தரைத் தாழ்த்தி அந்தப் புஸ்தகத்துல ஒரு வார்த்தை கிடையாது. அதனால நீங்க அட்டையும் வைங்க, ஹெல்மெட் நல்லதா, முன்னால லைட்டு சரியா எரியுதான்னு பாக்கச் சொல்லியும் கண்டிப்பா கேளுங்க.

ஆனா ஒண்ணு தங்கச்சி, ஜெபம் பண்ணிட்டா ஒண்ணுமே நடக்காதுன்னு மட்டும் நம்பிடாதீங்க. பவுல் மூணு தடவை கப்பல் சேதத்துல மாட்டுனேன்னு அவரே எழுதியிருக்காரு. ரோமாபுரிக்குக் கைதியா போறப்ப 14 நாள் புயல், கப்பல்ல 276 பேர், சோறு தண்ணி இல்லாம எல்லாரும் சோர்ந்து கிடக்கிறாங்க. விடியிற நேரம் அவர் எந்திரிச்சு, சாப்பிடுங்கய்யான்னு சொல்லி, அப்பத்தை எடுத்து எல்லார் முன்னாடியும் ஸ்தோத்திரம் பண்ணி அவர் முதல்ல சாப்பிடுறாரு. கப்பல் உடைஞ்சுதான் போச்சு, ஆளுங்க எல்லாரும் கரை சேர்ந்தாங்க.

இன்னொண்ணு, நாம போறப்ப ஜெபம் பண்றோம், வந்ததும் மறந்துடுறோம். வசனத்துல போக்கும் இருக்கு, வரத்தும் இருக்கு. ராத்திரி மகன் ரூமுக்கு வந்துட்டேன்மான்னு மெசேஜ் போட்டா அதுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் படுங்க.

கேள்வி: அக்கா, எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல பினாங்கு வந்து இறங்குனவர். சாகுற வரைக்கும் சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்ல. ஜெபம் பண்றப்பல்லாம் "நாங்கள் பரதேசிகள் ஆண்டவரே"ம்பார். நான் இங்கேயே பொறந்தவன், அந்த வார்த்தையைக் கேட்டா இன்னமும் கோவம் வருது.
- ஒரு வாசகர், அதே ஊர்

பதில்: தம்பி, கோவம் நியாயமானது. நம்ம வாயில பரதேசி வசவாப் போச்சு, பைபிள்ல அது வேற ஊர்லேருந்து வந்து தங்கியிருக்கிற ஆளு, அவ்வளவுதான். தாத்தா அந்த வார்த்தையை ஆபிரகாம்கிட்டேருந்து எடுத்திருப்பாரு.

ஆபிரகாம் 75 வயசுல ஆரானை விட்டுக் கிளம்புனவரு, எங்க போறோம்னு தெரியாமலே. சாராள் 127 வயசுல சாகுறப்ப கானான்ல 62 வருஷம் கூடாரம் போட்டு இருந்தாச்சு, பொண்டாட்டியை அடக்கம் பண்ண ஒரு அடி சொந்த மண்ணு இல்ல. அந்த ஊர்க்காரங்க முன்னாடி நின்னு "அந்நியனும் பரதேசியுமாயிருக்கிறேன்"னு சொல்லித்தான் கல்லறைக்கு நிலம் கேக்குறாரு. நிலத்துக்காரர் எப்பெரோன் சும்மா எடுத்துக்கங்கன்னு சொல்றாரு, இவர் ஒத்துக்கல, 400 சேக்கல் வெள்ளியை எல்லாரும் பாக்க நிறுத்துக் குடுத்து மக்பேலா குகையை வாங்குறாரு. தலை குனிஞ்சு கேட்டாரு, ஆனா காசு எண்ணி வெச்சாரு. அதே வேதம்தான் லேவியராகமத்துல உங்ககிட்ட தங்குற அந்நியனைச் சுதேசி மாதிரி எண்ணுங்கன்னும் சொல்லுது, அது நாட்டைப் பாத்துச் சொன்னது, தாத்தாவைப் பாத்து இல்ல.

உங்க ஜெபத்துல நீங்க அந்த வார்த்தையைச் சொல்லணும்னு இல்ல தம்பி. தாத்தா கல்லறைக்குப் போறப்ப ஆதியாகமம் 23ஐ மட்டும் ஒரு தடவை சத்தமா வாசிச்சுட்டு வாங்க.