ஏழை நாடுகளுக்குக் கொடையாளர் நாடு தரும் உதவி நிதி 30 சதவீதம் குறைந்தால் எதைக் காப்பது?

எல்லாத் திட்டங்களிலும் சமமாக 30 சதவீதம் வெட்டும் யோசனை வேண்டாம். இடையில் நிறுத்தினால் மீட்க முடியாதவற்றை முழுதாகக் காப்பாற்றுங்கள்; மற்றவற்றைத் தள்ளிப்போடுங்கள். காசநோய்க்கு வழக்கமான மருந்துத் தொடர் 6 மாதம். நடுவில் நின்றால் மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகலாம். அதைக் குணப்படுத்தப் பல மடங்கு செலவாகும். எச்.ஐ.வி. மருந்தையும் தடுப்பூசியையும் இதே வரிசையில் வையுங்கள். சாலைப் பணி ஓராண்டு காத்திருக்கும்.

மொத்தத் தொகை பெரிதாக இருந்தும் களத்துக்குப் போவது குறைவாகத் தெரியலாம். கொடையாளர் நாடு தன்னிடம் வந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் உள்நாட்டில் செய்யும் செலவையும் வளர்ச்சி உதவியாகக் காட்ட, பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் விதி இடம் தருகிறது. காரணம் அதுவாக இருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு நாடுவாரியாக இரண்டு கேள்விகள்:

1. நாம் விலகினால் அந்த அரசு வரியிலோ கடனிலோ ஈடுகட்டுமா?
2. வேறு கொடையாளரும் அதே ஆண்டில் விலகுகிறாரா? இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2025-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் அடுத்தடுத்து வெட்டு அறிவித்தன.

ஓர் உயிரைக் காக்க ஆகும் செலவை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், போர் நடக்கும் இடங்கள் கடைசிக்குப் போய்விடும்; அங்கே போக்குவரத்துக்கும் பாதுகாப்புக்குமே நிறைய ஆகும். அவற்றைத் தனிப் பட்டியலாக வைத்து, ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடுங்கள்.