உளுத்த ஆப்பிள் மரத்தை ஏன் வெட்டவில்லை?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

லண்டனில் பழைய ஆப்பிள் தோப்பை மீட்கும் வேலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எல்லா மரங்களையும் கவாத்து செய்தவர்கள், உள்ளே உளுத்துப்போன ஒன்றை மட்டும் அப்படியே விட்டது ஏன்? அதை எடுத்துவிட்டுப் புதுக் கன்று வைக்கலாமே? பறவை, பூச்சிகளுக்காக என்றால் ஓக் போன்ற காட்டு மரம் நடலாம், பழத்தோப்பு எதற்கு? எங்கள் தெருவில் தாத்தா காலத்து மாமரம் ஒன்று நிற்கிறது. காய்ப்பு நின்றுவிட்டது, வெட்டச் சொல்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

அந்த மரத்தை வெட்டிவிடலாம் என்று எங்களுக்குள்ளும் பேச்சு வந்தது. டிசம்பரில் ஒருநாள் அதன் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்மரம் காப்பித்தூள் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து கிடந்தது. ஒரு கை அள்ளினேன். தூளுக்குள் விரல் தடிமனில் ஒரு வெள்ளைப் புழு சுருண்டிருந்தது. இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டேன். அப்புறம் வெட்டுகிற பேச்சு எழவில்லை.

ஓக் பற்றிக் கேட்டீர்கள். ஓக் மரத்தில் இப்படிப் பொந்து விழ இருநூறு ஆண்டுகூட ஆகலாம். ஆப்பிளுக்கு ஐம்பது அறுபது ஆண்டு போதும். சீக்கிரம் கிழடாகிற மரம் அது. ஒரு பக்கம் உளுத்துக்கொண்டே மறுபக்கம் பூத்துக் காய்க்கும். நகரத்தில் யாரும் இருநூறு ஆண்டு இடம் விட்டு வைக்க மாட்டார்கள், அதனால் இங்கே பழமரம்தான் கைகொடுக்கிறது. நோபிள் சேஃபர் என்று பளபளக்கும் பச்சை வண்டு ஒன்று உண்டு. அதன் புழு இரண்டு மூன்று ஆண்டு இந்தத் தூளைத் தின்றே வளர்கிறது. அது மேற்கு இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர், ஹெரஃபோர்ட்ஷயர் பக்கத்துப் பழைய தோப்புகளில் வாழ்வது. தெற்கு லண்டனுக்கு வாய்த்தது மான்கொம்பு வண்டு. அதன் புழு மண்ணுக்கடியில் மக்கும் கட்டையில் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு கிடக்கும். அதனால் வெட்டிய கிளைகளை நாங்கள் எரிப்பதில்லை, பாதி மண்ணுக்குள் புதைத்து நட்டு வைக்கிறோம்.

மேற்கு லண்டனில் பெரிவேல் என்றொரு இடம். பேரி மரப் பள்ளத்தாக்கு என்பது அந்தப் பெயரின் பொருள். இன்று அங்கே பேரித் தோப்பைத் தேடத்தான் வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 1900-க்குப் பிறகு பழைய முறைத் தோப்புகளில் 81 சதவீதம் போய்விட்டன என்று 2022-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரிய, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை கணக்குச் சொன்னது. இப்போதைய வணிகத் தோட்டங்களில் மரத்தைக் குட்டையாகவே வைக்கும் வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேர் தரும் செடி) ஒட்டுக் கட்டிக் கம்பியில் படர்த்துகிறார்கள். பதினைந்து இருபது ஆண்டில் பிடுங்கிவிடுவார்கள். அந்த மரத்துக்குக் கிழடாகவே நேரம் கிடைப்பதில்லை, பொந்து எங்கிருந்து வரும்?

சரி, புதுக் கன்று. கட்டாயம் வைக்கிறோம், ஆனால் பக்கத்தில். கிழட்டு மரத்திலிருந்தே குச்சி எடுத்து, உயரமாக வளரும் எம்25 என்ற ரக வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறோம். அது கிழடாகிப் பொந்து விடும்வரை பழையது நிற்க வேண்டும். இடையில் முப்பது ஆண்டு இடைவெளி விழுந்தால் வண்டு எங்கே போகும்? கவாத்தும் நிதானமாகத்தான். பழைய மரத்தில் ஒரே குளிர்காலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழித்தால் அது மிரண்டுபோய்க் குச்சி குச்சியாகத் துளிர்த்துத் தள்ளும்.

உதிர்ந்த பழத்தையும் பொறுக்கித் தீர்ப்பதில்லை. செப்டம்பரில் அழுகிய ஆப்பிளின் மேல் ரெட் அட்மிரல் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்து உறிஞ்சுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அது பறக்காது. கடுங்குளிரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் ஃபீல்ட்ஃபேர் பறவைகள் மிச்சத்தைத் தின்னும். கிளைமேல் உட்கார்ந்து பழத்தைக் கடித்துப் போடுவது யார் தெரியுமா? உங்கள் மதுரையில் கோயில் கோபுரத்தில் கத்துகிற அதே பச்சைக்கிளி இனம். கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை, இப்போது லண்டன் முழுக்க இருக்கின்றன. கூடு வைக்க அவற்றுக்கும் மரப்பொந்துதான் வேண்டும்.

உங்கள் மாமரத்துக்கு வருகிறேன். விழும் நிலையில் இருக்கிற கிளை தெரு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள். அடிமரம் உறுதியாக இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். அதற்கு முன், இருட்டுகிற நேரத்தில் ஒரு வாரம் அதன் கீழே நில்லுங்கள். பொந்திலிருந்து புள்ளி ஆந்தை தலை நீட்டலாம், பழந்தின்னி வௌவால் வந்து போகலாம். என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். தெருக்காரர்களிடம் காட்ட உங்களுக்கும் அது உதவும்.

அன்புடன்.