தண்டவாளம் தொட்டுச் செல்லும் பழைய நகரங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய ரயில் பயணம் பற்றியவை. ஐந்து முறை அந்தப் பக்கம் ரயிலிலேயே சுற்றியவன் என்பதால் எனக்கு இது பிடித்த விஷயம். முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு ரயில் எஞ்சின் என்றால் உயிர். எனக்குப் பழைய தெருக்கள், தேவாலயங்கள், அரண்மனைகள். கையில் 20 இரவுகள் இருக்கின்றன. லண்டன், பாரிஸ், ரோம், வெனிஸ், வியன்னா, பிராக், பெர்லின், ஆம்ஸ்டர்டாம் உட்பட 11 நகரங்கள் எழுதி வைத்திருக்கிறோம். எப்படி ஒழுங்குபடுத்துவது? (வாசகி)

பதில்: அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள் அம்மா. 20 இரவில் 11 நகரம் என்றால் பெட்டியைக் கட்டவும் பிரிக்கவுமே நேரம் சரியாக இருக்கும். நகரங்களை எழுதிவிட்டு அவற்றை ரயிலால் இணைப்பதுதான் பலரும் செய்வது. நான் சொல்வது நேர்மாறு. முதலில் வரைபடத்தில் ஒரு ரயில் பாதையை, குறுக்கும் நெடுக்குமாக இல்லாமல், ஒரே கோடாக வரையுங்கள். அப்புறம் அந்தக் கோட்டின் மேல் இருக்கும் ஊர்களில் எது உங்கள் இருவருக்குமே ஏதாவது தரும் என்று பாருங்கள். இந்தக் கணக்கில் ரோமும் லண்டனும் விழுந்துவிடும். அவற்றுக்குத் தனியாக ஒரு பயணம் போய்க்கொள்ளலாம்.

நான் வரையும் கோடு இது: ஆன்ட்வெர்ப் (பெல்ஜியம்), நியூரம்பெர்க், டிரெஸ்டன் (இரண்டும் ஜெர்மனி), பிராக் (செக் குடியரசு), வியன்னா (ஆஸ்திரியா), புடாபெஸ்ட் (ஹங்கேரி). மேற்கிலிருந்து கிழக்காக ஐந்து நாடுகள், ஆறு இடங்களில் தங்கல். இரவுகள் 3, 3, 4, 3, 4, 3.

ஆன்ட்வெர்ப் ரயில் நிலையம் 1905இல் திறக்கப்பட்டது. 75 மீட்டர் உயரக் குவிமாடம், அடியில் பளிங்குப் படிக்கட்டு. உள்ளே நுழைந்ததும் ஏதோ கதீட்ரலுக்குள் வந்துவிட்டதாக நினைப்பீர்கள். அதே கூரைக்குக் கீழே மூன்று தளங்களில் தண்டவாளம் இருப்பதை உங்கள் கணவர் எண்ணிக்கொண்டிருப்பார். ரூபென்ஸின் ஓவியங்கள் இருக்கும் நிஜ கதீட்ரல் நடக்கும் தூரத்தில். அங்கிருந்து ஒரு பகலை மெக்கெலென் ஊருக்கு ஒதுக்குங்கள். ஐரோப்பிய நிலப்பரப்பில் நீராவி எஞ்சின் இழுத்த முதல் பொதுப் பயணிகள் ரயில், 1835 மே 5 அன்று பிரஸ்ஸல்ஸிலிருந்து இந்தச் சிற்றூருக்குத்தான் வந்தது. ஒன்றல்ல, மூன்று ரயில்கள். புனித ரம்போல்ட் தேவாலயத்தின் கோபுரம் 97 மீட்டர். ஏறிப் பார்ப்பது உங்கள் பங்கு.

அடுத்து நியூரம்பெர்க். இடையில் கொலோன் வரும். அங்கே நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே கதீட்ரல் எதிரில் நிற்கும், பெட்டிகளை லாக்கரில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் பாருங்கள். அப்புறம் ஒரு முக்கியமான தேர்வு. கொலோனிலிருந்து பிராங்பர்ட்டுக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் புதுப்பாதை 2002இல் வந்தது. அதில் போனால் நேரம் மிச்சம், ஆனால் வழியில் பல இடங்களில் சுரங்கத்தின் இருட்டுதான் காட்சி. கோப்லென்ஸ், மைன்ஸ் வழியாக ரைன் நதியை ஒட்டியே போகும் பழைய பாதையைக் கேட்டு வாங்குங்கள். தெற்கு நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னல். நதி, திராட்சைச் சரிவு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கோட்டை. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் இருவரும் ஒரே ஜன்னலுக்குப் போட்டி போடுவீர்கள்.

பெல்ஜியத்தில் ரயில் ஓடிய அதே 1835இல், டிசம்பர் 7 அன்று, நியூரம்பெர்க்கிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபூர்த்துக்கு ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் ஓடியது. 'அட்லர்' என்ற அந்த எஞ்சின் இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் பட்டறையில் செய்யப்பட்டது. அசல் எஞ்சின் இன்று இல்லை. ஆனால் 1935இல் செய்த நகலையும் அந்தப் பாதையில் ஓடிய அசல் பெட்டி ஒன்றையும் அங்குள்ள ரயில் அருங்காட்சியகம் காத்து வைத்திருக்கிறது. எஞ்சினை ஓட்ட வந்த வில்லியம் வில்சன் என்ற ஆங்கிலேயர் ஊருக்குத் திரும்பவே இல்லை. ஓவியர் டியூரர் உறங்கும் யோஹானிஸ் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் இருக்கிறார். நான் அங்கே போன மாலையில் இரண்டு கல்லறைகளையும் தேடி ஒன்றரை மணி நேரம் நடந்தேன். ரயில் வரலாறும் நகர வரலாறும் வேறு வேறு இல்லை என்று எனக்குப் புரிந்த இடம் அது.

டிரெஸ்டனுக்கு லைப்ஸிக் வழியாகப் போங்கள். லைப்ஸிக் நிலையத்தின் 24ஆம் பிளாட்ஃபார்மில் பழைய எஞ்சின்கள் வரிசையாக நிற்கும், நுழைவுச்சீட்டு கிடையாது. அங்கிருந்து டிரெஸ்டன் வரை உள்ளது 1839இல் முடிந்த பாதை, ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதை. டிரெஸ்டனில் நான்கு இரவு கொடுத்ததற்குக் காரணம் நீராவி. புறநகர் ரயிலில் ராடெபாய்ல் ஓஸ்ட் போய் இறங்கினால், 750 மில்லிமீட்டர் அகலமே உள்ள குறுகிய பாதையில் நிலக்கரிப் புகையோடு ஒரு ரயில் காத்திருக்கும். 1884இலிருந்து ஓடும் பாதை அது. ஒரு ஏரியின் நடுவே போட்ட கரை மேல் ஊர்ந்து போய் மோரிட்ஸ்பர்கில் நிற்கும். அங்கே நான்கு கோபுரங்களுடன் நீருக்கு நடுவில் ஒரு வேட்டை மாளிகை. யாருக்கு எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

டிரெஸ்டன்–பிராக் பாதை எல்பே நதியின் ஓரமாகவே போகும். பிராக் நோக்கிப் போகும்போது இடப்பக்கம், எதிர்த்திசையில் வலப்பக்கம். பிராக் நகரத்தைப் பற்றி நீங்களே நிறையப் படித்திருப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். முதன்மை நிலையத்தில் இறங்கியதும் கீழ்த்தளத்துப் புதுக் கூடம் வழியாக ஓடிவிடாதீர்கள். மேல்தளத்தில் கட்டடக் கலைஞர் யோசெஃப் ஃபாண்டா 1909இல் முடித்த பழைய கூடம், குவிமாடமும் சிற்பங்களுமாக இருக்கிறது. பெரும்பாலான பயணிகளுக்கு அது தலைக்கு மேல் இருப்பதே தெரியாது.

வியன்னாவில் ஒரு முழுநாள் செம்மரிங் மலைப்பாதைக்கு. க்ளோக்னிட்ஸ் முதல் மூர்ட்ஸுஷ்லாக் வரை 41 கிலோமீட்டர், 16 வளைவுப் பாலங்கள். பொறியாளர் கார்ல் ஃபான் கேகா 1848இல் தொடங்கி 1854இல் முடித்தார். தொடங்கியபோது அந்த ஏற்றத்தில் ஏறக்கூடிய எஞ்சின் உலகத்தில் எங்குமே இல்லை! பாதை பாதி வளர்ந்த பிறகு, 1851இல் எஞ்சின்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள், 'பவாரியா' என்ற எஞ்சின் பரிசு வாங்கியது. எஞ்சின் வரும் என்ற நம்பிக்கையில் மலையைக் குடைந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. செம்மரிங் நிலையத்தில் இறங்கினால் பாதையை ஒட்டியே நடைவழி இருக்கிறது. ஆஸ்திரியாவின் பழைய 20 ஷில்லிங் நோட்டில் அச்சான பாலக் காட்சியை அந்த நடைவழியில் ஓரிடத்தில் நின்று அப்படியே பார்க்கலாம். மலைக்கு அடியில் 27 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் தயாராகிறது, 2030இல் திறப்பதாகத் திட்டம். அதன் பிறகு நெடுந்தூர ரயில்கள் கீழே போய்விடும். அதற்குள் போய் வாருங்கள்.

கடைசியாக புடாபெஸ்ட். 1896இல் திறந்த மெட்ரோ இன்றும் அதே பாதையில் ஓடுகிறது. தெருவிலிருந்து சில படிகள் இறங்கினால் போதும், ஓடு பதித்த சிறிய நிலையம். புடா மலையில் 1948இலிருந்து சிறுவர் ரயில் ஒன்று 11 கிலோமீட்டருக்கு ஓடுகிறது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் சீருடை போட்டு டிக்கெட் கொடுப்பார்கள், சிக்னல் காட்டுவார்கள். எஞ்சினை மட்டும் பெரியவர்கள் ஓட்டுவார்கள். ரயில் கிளம்பும்போது ஒரு சிறுமி விறைப்பாக வணக்கம் வைத்து நின்றதை நான் மறக்கவில்லை.

தேதி போடும்போது ஒன்று: பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஊர் விட்டு ஊர் போகும் நாட்களைத் திங்களில் வையுங்கள்.

கேள்வி: யூரெயில் பாஸ் (பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டு) வாங்குவதா, தனித்தனி டிக்கெட்டா? (ஒரு வாசகர்)

பதில்: உங்கள் குணத்தைப் பொறுத்தது. எந்த நாள் எந்த ரயில் என்று பல மாதம் முன்பே முடிவு செய்து அதை மாற்றாதவர் என்றால், முன்கூட்டி வாங்கும் தள்ளுபடி டிக்கெட் பெரும்பாலும் மலிவு. ஆனால் அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். ரயில் பிரியர்கள் அப்படி இருக்க மாட்டார்கள். எதிர் பிளாட்ஃபார்மில் வித்தியாசமான எஞ்சின் நின்றால், 'அடுத்த வண்டியில் போகலாம்' என்று உட்கார்ந்துவிடுவோம். அப்படிப்பட்டவர்களுக்குப் பாஸ்தான். ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில், மற்றவர்களுக்கு யூரெயில், 33 நாடுகளில் செல்லும். 60 வயதானால் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு.

பாஸ் இருந்தாலும் பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்கள், எல்லா இரவு ரயில்கள் ஆகியவற்றுக்கு இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தின் பெரும்பாலான பகல் ரயில்களில் அப்படியே ஏறி உட்காரலாம். மேலே நான் வரைந்த கோடு பிரான்ஸையும் இத்தாலியையும் தொடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தனி டிக்கெட் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வழியில் ரயில் மாறும் பயணத்துக்கு முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். நான் ஒருமுறை இரண்டு துண்டாக வாங்கினேன். முதல் ரயில் 50 நிமிடம் தாமதம், இரண்டாவது போய்விட்டது, அதன் டிக்கெட் வெறும் காகிதமானது. கையிலிருந்து புதிதாகப் பணம் கட்டினேன். ஒரே டிக்கெட்டாக இருந்தால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சேருமிடம் வரை கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 25 சதவீதமும் இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் இழப்பீடு கேட்கலாம்.

கேள்வி: சுவிட்சர்லாந்து மலைகளில் ஓடும் பெர்னினா எக்ஸ்பிரஸின் கண்ணாடிக் கூரைப் பெட்டியில் இடம் கிடைக்கவில்லை. பயணத்தையே விட்டுவிடலாமா? (வாசகி)

பதில்: வேண்டவே வேண்டாம்! அதே தண்டவாளத்தில் நாள் முழுக்கச் சாதாரண ரயில்கள் ஓடுகின்றன, அவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை. நான் அதில்தான் போவேன். பழைய பெட்டிகளில் ஜன்னல் திறக்கும், படம் எடுத்தால் கண்ணாடியின் பிரதிபலிப்பு விழாது. 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் வளைந்துகொண்டே நேராகப் பாறைக்குள் நுழையும், கூர் நகரிலிருந்து வந்தால் வலப்பக்கம் உட்காருங்கள். செயின்ட் மோரிட்ஸைத் தாண்டி 2,253 மீட்டர் உயரத்துக்குப் பல்சக்கரம் இல்லாமல் ஏறி, 429 மீட்டரில் இருக்கும் இத்தாலியின் டிரானோவில் இறங்கும் மீட்டர் கேஜ் பாதை அது. கூரில் ஓரிரவு தங்கிப் பழைய நகரைப் பார்த்துவிட்டுக் காலை முதல் வண்டியில் கிளம்புங்கள்.

கேள்வி: 68 வயது அம்மாவை இரவு ரயிலில் கூட்டிப் போகலாமா? (ஒரு வாசகர்)

பதில்: ஸ்லீப்பர் அறையில் கீழ்ப் படுக்கை கிடைத்தால் தாராளமாக. உட்காரும் இருக்கையில் மட்டும் வேண்டாம். இன்னொன்று, ஏறுமுன் உங்கள் பெட்டி எண்ணைச் சரிபாருங்கள். நள்ளிரவில் ரயிலைப் பிரித்து, பாதிப் பெட்டிகளை ஒரு நாட்டுக்கும் மீதியை வேறு நாட்டுக்கும் அனுப்புவது அங்கே வழக்கம். சாப்பாட்டுப் பெட்டியில் பேசிக்கொண்டிருந்த நான் ஒருமுறை என் சாமான்களை ஒரு திசைக்கும் என்னை இன்னொரு திசைக்கும் அனுப்பிவிட்டேன். அம்மாவோடு போகும்போது அது நடக்கக் கூடாது. பாஸ் வைத்திருந்தால், நேரடி இரவு ரயிலுக்குக் கிளம்பும் நாள் மட்டுமே பயண நாளாகக் கணக்கு.

கேள்வி: ஆஸ்திரிய எஞ்சின் பாடும் என்கிறாள் என் ஒன்பது வயது மகள். நிஜமா? (வாசகி)

பதில்: நிஜம். 'டாரஸ்' என்ற வகை எஞ்சின்கள் அவை. மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் மின்னணுக் கருவி, வேகம் கூடக் கூடத் துடிப்பின் எண்ணிக்கையைப் படிப்படியாக மாற்றும். அந்தத் துடிப்பு காதில் ஸ்வரம் ஸ்வரமாக ஏறும், யாரோ ஆரோகணம் பாடிப் பார்ப்பது மாதிரி. முகப்பில் 1016 அல்லது 1116 என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் போகும் ரயில்களில் அதிகம் கிடைக்கும். எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் ஏறி, கதவு மூடியதும் பேச்சை நிறுத்திவிடுங்கள். பாட்டு முதல் சில விநாடிகள்தான்.