மகள் இரண்டாவது தடவையும் பனிமலைக்குப் போகிறாள் என்றால்

வணக்கம் அம்மா. மகள் மத்தூராவை, அதாவது பல்கலைக்கழகம் போவதற்கான உயர்பள்ளிப் பரீட்சையை முடித்தாள், ஒரு வருடம் இடைவெளி கேட்டாள், விட்டோம். போன பனிக்காலம் சுவிஸ் மலையூரான அரோசாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கீ பழக்கினாள். கோடையில் ஒரு கஃபேயில் வேலை. இப்போது நவம்பர் கடைசியில் திரும்பவும் அங்கேயே போகப் போகிறாளாம். படிப்பு என்னாவது, சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகட்டும். ஆனால் இந்தப் பனிக்காலம் போன வருடத்தைவிட ஒரு படி மேலே இருக்கவேண்டும். அதே வேலையை அப்படியே இன்னொரு தடவை செய்யத்தான் போகிறாள் என்றால், நானும் உங்கள் பக்கம்தான்.

அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று கொஞ்சம் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரு கூட்டம். ஒருத்தியின் கையுறையைக் காணவில்லை. இன்னொருவன் ஸ்கீ சப்பாத்தோடு கழிப்பறைக்குப் போகவேண்டும். மூன்றாவது, அம்மாவைத் தேடி அழுகிறது. ‘பீட்சா’ என்றால் ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து வேகத்தைக் குறைப்பது, ‘பொம்ஸ்’, அதாவது உருளைக்கிழங்குப் பொரியல், என்றால் இரண்டையும் நேராக விடுவது. இதை ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொல்லி, வாரம் முடிவதற்குள் அத்தனை பேரையும் விழாமல் சரிவில் இறக்கிக் காட்டவேண்டும், அதுவும் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க. பொறுமையும் பொறுப்பும் இல்லாத ஆளை எந்த ஸ்கீ பள்ளியும் மறுபடி கூப்பிடாது. இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர் கேட்டால், “மலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள்” என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

சரி, படி என்றேனே. ஸ்கீ ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் சுவிஸ் ஸ்னோஸ்போர்ட்ஸ் அமைப்பில் கிட்ஸ் இன்ஸ்ட்ரக்டர், ஆஸ்பிராண்ட், இன்ஸ்ட்ரக்டர் என்று ஏறிப்போய், மேலே கூட்டாட்சிச் சான்றிதழ் பெற்ற ஸ்கீ ஆசிரியர் என்ற நிலை இருக்கிறது. அந்தக் கடைசி நிலை முறையான தொழில் தகுதி. மகள் இப்போது முதல் படியில் நிற்பதால், இந்தப் பனிக்காலத்தில் ஆஸ்பிராண்ட் பயிற்சி எடுக்கவேண்டும். அதற்கு லீவு தருவார்களா, கட்டணத்தில் ஒரு பகுதியைப் பள்ளி ஏற்குமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே கேட்கட்டும். டிசெம்பர் 20க்குப் பிறகு அங்கே யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது மணித்தியாலங்களை. கிறிஸ்மஸ் வாரங்களிலும் பெப்ரவரி விடுமுறையிலும் மூச்சுவிட நேரமிருக்காது. இடையில் வருகிற ஜனவரியில் ஆட்கள் குறைவு, வகுப்பும் குறைவு, கைக்கு வரும் காசும் குறைவு. ஆனால் அறை வாடகை குறையாது. மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி உறுதி, காற்றில் லிஃப்ட் நின்றால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா, சீசனுக்கு முந்திய பயிற்சி நாட்களுக்கும் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கவேண்டும்.

பனி விஷயத்தில் அரோசா பரவாயில்லை. ஊரே ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வைஸ்ஹோர்ன் உச்சி 2,653 மீட்டர். தாழ்வான இடங்களின் நிலை வேறு: 2023 புதுவருடத்தை ஒட்டி அங்கெல்லாம் பச்சைப் புல் தெரிந்தது. இதையே நம்பி வாழ்கிற மலைக்காரரும் பனிக்காலத்தை மட்டும் நம்புவதில்லை. கோடையில் தச்சு வேலை, மாட்டுப் பண்ணை, மலை வழிகாட்டி என்று இன்னொரு தொழில் அவர்களுக்கு இருக்கும்.

உங்கள் மகளுக்கும் அந்த இன்னொன்று வேண்டும். அதைப் பற்றிய பேச்சை ஏப்ரலுக்குத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவம் என்றால் பதிவுக்குக் கடைசித் திகதி பெப்ரவரி 15. அவளுக்கு வேலை அதிகமான நாட்கள் அவை, மறந்துபோனால் ஒரு வருடம் போய்விடும். சூரிச், பேர்ன் பல்கலைக்கழகங்களிலும் சூரிச்சின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான ஈ.டி.எச்.சிலும் மற்றப் பெரும்பாலான படிப்புகளுக்கு ஏப்ரல் 30. மக்லிங்கனில் விளையாட்டு, கூர் நகரில் சுற்றுலாத்துறை, பிள்ளைகளோடு வேலை செய்யப் பிடித்திருந்தால் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பயிற்சி: இவை மூன்றும் அவளுடைய அனுபவத்துக்குப் பொருந்தும். எனக்கென்னவோ கடைசியில் சொன்னதுதான் அவளுக்கு நன்றாக வரும் என்று படுகிறது. ஆனால் தெரிவு அவளுடையது. நீங்கள் திகதிகளை மட்டும் அவளுடைய கைத்தொலைபேசியில் போட்டுவிடுங்கள்.

சீசன் முடியும்போது வேலைச் சான்றிதழை, அதாவது ஆர்பைற்ஸ்ஸொய்க்னிஸை, கட்டாயம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது அவளுடைய சட்டப்படியான உரிமை. அதில் இரண்டு பனிக்காலமும் வரவேண்டும்.

கடைசியாகப் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று. ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணியாவது வேலை செய்தால், ஓய்வு நேரத்தில் விழுந்து முழங்கால் போனாலும் முதலாளியின் விபத்துக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் அந்தக் காப்பு 31 நாட்கள் தொடரும். அதற்குள் அடுத்த வேலை கிடைக்காவிட்டால், அவளுடைய கிராங்கன்காஸவுக்கு, அதாவது மருத்துவக் காப்புறுதி நிறுவனத்துக்கு, எழுதி விபத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.