பீரோக் கதவைக் கழற்றுங்கள், டீச்சர்

கேள்வி: ஏற்காட்டை ஒட்டிய மலைக் கிராமத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். பாதி வகுப்பறை அளவில் ஓர் அறை, இரண்டு இரும்பு பீரோ, உயரமான ஒரு ஆங்கிள் ரேக், சுமார் 600 புத்தகங்கள். பதிவேட்டு எண் வரிசையில் அடுக்கியிருக்கிறோம். பிள்ளைகள் வந்து நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். மழைக்காலத்தில் பூஞ்சை வேறு. பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி முறைக்கு மாற்றிவிடலாமா?
- ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்: டியூயி இப்போதைக்கு வேண்டாம், டீச்சர். சேலத்தில் பள்ளி நூலகராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த முறையில் தமிழ் இலக்கியம் முழுக்க 894.811 என்ற எண்ணுக்குள் வந்துவிடும். உங்களிடம் பாதிக்கு மேல் கதைப் புத்தகமாகத்தான் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே நீள எண்ணை ஒட்டிவைத்தால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன புரியும்? கதை, பாட்டு, அறிவியல், ஊரும் வரலாறும், படம் பார்க்க என்று ஐந்து பிரிவு போதும். பிரிவுக்கு ஒரு நிறத்தில் ஒட்டுத்தாள். பதிவேட்டு எண் கணக்குக்கு மட்டும் இருக்கட்டும்.

பிள்ளைகள் ஏன் எடுப்பதில்லை என்பதற்கு ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே விடை தெரியும். 16 பக்கம், 24 பக்கம், நடுவில் பின் அடித்தது. பெயர் எழுத முதுகே கிடையாது. இப்படி முப்பது புத்தகத்தை நெருக்கி நிறுத்தினால் பிள்ளையின் கண்ணுக்குக் காகித விளிம்புதான் தெரியும், யானைப் படம் போட்ட அட்டை தெரியாது. அதனால் மெல்லிய புத்தகங்களை ரேக்கிலிருந்து இறக்கிவிடுங்கள். சந்தையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் டிரே நான்கைந்து வாங்கிக் கழுவி, அட்டை முன்னால் தெரிய நிறுத்தி, தரையிலோ பெஞ்சிலோ வையுங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். ஈரமில்லாத சுவரில் இரண்டு வரிசை கயிறு கட்டி, இருபது புத்தகத்தை விரித்துத் தொங்கவிட்டு வாரா வாரம் மாற்றுங்கள். மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம்.

அந்தப் பின்னையும் கவனியுங்கள். உங்கள் ஊர் ஈரத்தில் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றுவிடும். துரு தெரிந்ததும் பின்னைப் பிடுங்கிவிட்டு, அதே ஓட்டையில் ஊசி நூலால் தைத்துவிட்டால் புத்தகம் பல வருஷம் உழைக்கும்.

ஆங்கிள் ரேக் நட்டு போல்ட்டில் நிற்பதுதானே. கழற்றி, கால்களை நான்கடியாக அறுத்து இரண்டு ரேக்காக்குங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். அடித்தட்டு தரையைத் தொடக் கூடாது.

பூஞ்சைக்கு வருகிறேன். பூட்டிய இரும்பு பீரோவுக்குள் காற்று ஓடாது, ஈரம் உள்ளேயே நிற்கும். கதவைக் கழற்றிவிடுங்கள், புத்தகத்துக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. தொலைந்துவிடுமே என்ற பயம் எனக்குத் தெரியும். தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வகுப்புக்கு ஒரு வழங்கல் நோட்டுப் போட்டுப் பெரிய பிள்ளைகளை எழுத வையுங்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே தம் ஐந்து நூலக விதிகளில் முதல் விதியாக வைத்தது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான்.

மூடுபனி நாளில் ஜன்னலைச் சாத்துங்கள், வெயில் வந்ததும் திறந்துவிடுங்கள். பூஞ்சை பிடித்ததை வெளியே கொண்டுபோய் நிழலில் உலர்த்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். நேர் வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும். சின்ன அறை, பிள்ளைகள் உட்காரும் இடம், அதனால் அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.

பழைய கைடுகளைத் தனியாகக் கட்டி வையுங்கள். பதிவேட்டில் ஏறியதைத் தலைமை ஆசிரியர் கையெழுத்தில்லாமல் கழிக்காதீர்கள். ரேக் வேலையைக் காலாண்டு விடுமுறையில் முடித்துவிட்டால், ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் இடத்தில் வந்துவிடும்.